பொய்வண்ணம் ஒன்று போதும்

கார்டிலிருந்து கணினிக்கு இறக்கியதும் அகச்சிவப்புப் படம் யாரையும் மயக்காது. திரை முழுக்க ஒரே செம்மண் நிறம். எது வானம், எது இலை என்பதை வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கருநீல வானமும் வெள்ளை வெளேரென்ற மரங்களுமாக நாம் பார்த்து வியக்கும் படம் அந்தச் சிவப்புக்குள்ளேதான் இருக்கிறது. அதை வெளியே எடுப்பது மேசை வேலை. வெளியே எடுத்தபின் அதன் தலையில் இன்னும் நாலு எஃபெக்டை ஏற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் மேசை வேலைதான். முதலாவது எளிது, அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே படத்தைப் பின்தொடர்வோம். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், தண்ணீர் நிறைந்திருக்கும் காலம், நடுவே மைய மண்டபம், அதைச் சுற்றி மரங்கள், நண்பகல் வெயில். சாதாரணப் படக்காரர்கள் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு நிழல் தேடும் நேரம் இது. நமக்கோ இதுதான் நல்ல நேரம். அகச்சிவப்புக்கென மாற்றிய கேமரா, 720 நானோமீட்டர் ஃபில்டர், ரா ஃபைல். ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தால் இந்த அத்தியாயத்தின் பாதி உங்களுக்குப் பயன்படாது. இனி நாம் செய்யப்போகும் அளவுக்கு நிறத்தை இழுத்தால் 8 பிட் படம் தாங்காது. வானம் படிப்படியாகப் பட்டை விழுந்து நிற்கும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

கேமராவின் சென்சார் சிலிக்கானால் ஆனது. கண்ணுக்குத் தெரியும் ஒளி 700 நானோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. சிலிக்கானின் பார்வை ஏறத்தாழ 1,000 வரை நீள்கிறது. கடைகளில் கிடைக்கும் கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி அந்த நீட்சியை அடைத்துவிடும். மாற்றிய கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. மிஞ்சுவது சென்சாரின்மேல் சதுரம் சதுரமாகப் பூசிய சிவப்பு, பச்சை, நீலச் சாயங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிரிப்பதற்காக வந்த சாயங்கள் இவை. அகச்சிவப்பை மூன்றுமே உள்ளே விடும், ஆனால் ஒரே அளவில் அல்ல. 720 அருகே சிவப்புச் சாயம் தாராளம். மற்ற இரண்டும் கஞ்சம். 850-ஐ நெருங்க நெருங்க மூன்றும் ஏறக்குறையச் சமமாகிவிடும்.

நம் பொய்வண்ணம் முழுவதும் இந்தச் சமமின்மையிலிருந்து வருவதுதான். பச்சை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையம் சிவப்பொளியைக் குடித்துவிடும். 700-ஐத் தாண்டியதும் அதற்குப் பசி அடங்கிவிடுகிறது. அங்கிருந்து இலையின் உள்ளே இருக்கும் காற்றறைகளும் செல்சுவர்களும் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. வந்த ஒளியில் பாதியளவு அப்படியே திரும்புவதால் மரம் வெள்ளையாகிறது. அப்படித் திரும்புவதில் பெரும்பகுதி 750-க்கு மேற்பட்டது என்பதால் மூன்று சேனல்களிலும் ஓரளவு ஒன்றுபோலவே விழும். வானத்தின் கதை வேறு. காற்றில் ஒளி சிதறுவது அலைநீளம் கூடக் கூட நான்காம் அடுக்கில் குறையும். 450-இல் சிதறும் நீலத்தோடு ஒப்பிட்டால் 720-இல் சிதறுவது ஆறரை மடங்கு குறைவு. அதனால்தான் வானம் இருள்கிறது. மிஞ்சும் கொஞ்ச வெளிச்சமும் 720-ஐ ஒட்டியதாக இருப்பதால் பெரும்பாலும் சிவப்புச் சேனலில்தான் விழுகிறது. இலை நடுநிலையாக இருக்கும்படி வெள்ளைச் சமநிலையை வைத்தால் வானம் செங்கபிலமாகத் தெரிவதன் காரணம் இதுவே.

850 ஃபில்டரில் எடுத்த படத்தில் நிறம் இருக்காது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதில் சேனல்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இல்லாத ஒன்றைத் தேடுகிறார்கள். அது கருப்பு-வெள்ளைக்கு உரிய படம், அப்படியே நடத்துங்கள்.

முதல் வேலை: ஒயிட் பேலன்ஸ்

எடுக்கும்போதே பச்சைப் புல்தரை ஒன்றைக் காட்டிக் கேமராவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கேமரா நிறுவனங்களே தரும் ரா மென்பொருள்கள் பல அந்த அளவை அப்படியே மதிக்கும். லைட்ரூமில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். அதன் வெப்பநிலை ஸ்லைடர் 2,000 கெல்வினோடு நின்றுவிடும். நமக்கு வேண்டிய இடம் அதற்கும் கீழே. ஸ்லைடரை இடதுகோடி வரை தள்ளிய பிறகும் படம் சிவந்தே நிற்பதைப் பார்த்துக் கேமராவில் கோளாறு என்று நினைத்தவர்கள் உண்டு.

வழி இருக்கிறது. அடோபியே இலவசமாகத் தரும் டிஎன்ஜி ப்ரொஃபைல் எடிட்டரில் உங்கள் கேமராவின் ஒரு டிஎன்ஜி கோப்பைத் திறந்து, கலர் மேட்ரிசஸ் பக்கத்தில் ஒயிட் பேலன்ஸ் கேலிப்ரேஷன் என்ற பகுதிக்குப் போய், வெப்பநிலையை மைனஸ் 100-க்கு இழுத்து, அதை ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள். லைட்ரூமை மூடித் திறந்ததும் அந்த ப்ரொஃபைல் பட்டியலில் வந்திருக்கும். அதைத் தேர்ந்துவிட்டு ஐட்ராப்பரை இலைமேல் அழுத்தினால் இப்போது ஸ்லைடருக்கு நகர இடம் கிடைக்கும். ஒரு கேமராவுக்கு ஒரு முறை செய்தால் போதும். ராதெரபி, டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்களில் இவ்வளவு சுற்று வேண்டாம். அவற்றின் ஒயிட் பேலன்ஸுக்கு எல்லை அகலம்.

ஐட்ராப்பரை எங்கே அழுத்துவது? வெயில் நேராகப் படும் இலைக்கூட்டத்தில். தெப்பக்குளப் படத்தில் மண்டபத்தின் இடப்பக்க மரத்தில் அழுத்தியபோது மரங்கள் லேசான நீலம் கலந்த வெண்மைக்கும், வானம் காய்ந்த செங்கல் நிறத்துக்கும் வந்தன. கருங்கல் படிக்கட்டில் அழுத்திப் பார்த்தால் கல் சாம்பலாகும். இலைகளில் கூடுதலாக ஒரு குளிர்நிறம் ஏறும். இரண்டில் எது சரி என்று கேட்பதில் பொருளில்லை. இங்கே உண்மை நிறம் என்று ஒன்று இல்லாததால், படத்தில் எந்தப் பொருள் அமைதியாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து அதில் அழுத்துங்கள். இந்தப் படத்தில் மரங்களே கண்ணை இழுக்கப்போகின்றன; அவற்றில் நிறக்கறை இருந்தால் உறுத்தும். ஆகவே இலை.

இந்த இடத்திலேயே இரண்டு துப்புரவு வேலைகளை முடித்துவிட வேண்டும். ஒன்று, நிறநாய்ஸ். வெள்ளைச் சமநிலைக்காக நீலச் சேனலை வெகுவாகப் பெருக்கியிருக்கிறோம். அதில் வந்த வெளிச்சமோ குறைவு. கூடவே அதன் அழுக்கும் பெருகியிருக்கும். சேனலை மாற்றியபின் இதே அழுக்கு வானத்தில் செந்நிறத் திட்டுகளாகத் தலைகாட்டும். ஆகவே கலர் நாய்ஸ் குறைப்பை இப்போதே, ரா நிலையிலேயே, தாராளமாகச் செய்யுங்கள். இரண்டாவது, ஹாட்ஸ்பாட். சில லென்ஸ்களில் படத்தின் நட்டநடுவே ஒரு வெளிர்வட்டம் விழும்; அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்க அதன் விளிம்பு துலங்கும். நம் படத்தில் மைய மண்டபம் சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வட்டமான மாஸ்க் ஒன்றைப் போட்டு, விளிம்பை நன்றாக மென்மையாக்கி, வெளிச்சத்தைக் கால் ஸ்டாப் அளவு இறக்கி, நிறச்சாயலையும் சற்றே திருத்தினால் பெரும்பாலும் மறையும். எஃப்16-இல் எடுத்த வட்டம் மறையாது. அந்த லென்ஸை அகச்சிவப்புக்கு எடுக்காமல் இருப்பதே அதற்கு மருந்து.

இவை எஃபெக்ட் அல்ல. சட்டையை மாட்டுமுன் துவைப்பதுபோலத்தான். இனி வருவனவற்றுக்கே அளவு தேவை.

சேனல் மாற்றம்

16 பிட் கோப்பாகப் போட்டோஷாப்புக்கு அனுப்பி, சேனல் மிக்ஸரை ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயராகப் போடுங்கள். அவுட்புட் ரெட் என்ற வரிசையில் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 100. அவுட்புட் ப்ளூ வரிசையில் சிவப்பு 100, பச்சை 0, நீலம் 0. பச்சை வரிசையைத் தொட வேண்டாம். செங்கல் நிற வானம் ஒரே நொடியில் நீலமாகும். கிம்ப்பிலும் இதே பெயரில் இதே கருவி இருக்கிறது. லைட்ரூமுக்குள் சேனல் மிக்ஸர் இல்லை.

ஒவ்வொரு வரிசையிலும் மூன்று எண்களின் கூட்டுத்தொகை 100 ஆக இருக்கும்வரை படத்தின் சாம்பல்கள் சாம்பலாகவே நிற்கும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மிக்ஸரில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். முழு மாற்றம் பல சமயம் சினிமா போஸ்டர் நீலத்தைத் தரும். ரெட் வரிசையில் சிவப்பு 25, நீலம் 75. ப்ளூ வரிசையில் சிவப்பு 75, நீலம் 25 என்று வைத்துப் பாருங்கள். மாற்றம் நடந்திருக்கும், கூச்சல் இருக்காது. தெப்பக்குளத்துக்கு இந்த அரைமாற்றத்தைத்தான் வைத்தோம். வானம் நீலமென்று சொல்லுமளவுக்கு நீலம். தண்ணீர் கிட்டத்தட்டக் கருப்பு. அகச்சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடும். அதன் மேற்பரப்பில் தெரிவது இருண்ட வானத்தின் பிம்பமும் வெள்ளை மரங்களின் பிம்பமும் மட்டுமே. இந்தப் படத்தின் உயிர் அதுதான்: கருப்புக் கண்ணாடிமேல் மிதக்கும் வெள்ளைத் தோப்பு. நிறம் அதற்குப் பக்கவாத்தியம்.

மாற்றியபின் இலைகளில் லேசான மஞ்சளோ ரோஸோ தங்கியிருக்கும். ஹியூ சாச்சுரேஷனில் சிவப்பு, மஞ்சள் பிரிவுகளை மட்டும் தேர்ந்து சாச்சுரேஷனைக் குறைத்தால் தணியும். முழுவதும் துடைக்கத் தேவையில்லை; துளி வெதுவெதுப்பு இருந்தால் நீலத்தோடு பொருந்திப்போகும். கோவில் மதில் படங்களை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காவியும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய சுவரில் அகச்சிவப்புக்கு அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துபோகும். சேனலை மாற்றியபின் காவிப்பட்டை வெளிர்நீலமாகவும் வரலாம். அதை மறுபடி காவியாக்கத் தூரிகையை எடுக்காதீர்கள். சுவரின் நிறம் முக்கியமென்றால் இன்னொரு கேமராவில் சாதாரணப் படம் எடுங்கள்.

சிவப்பு இலை வேண்டும் என்பவர்களுக்கு

ரோஸ் நிறக் காடுகளைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் பலர். அது கொடாக் நிறுவனத்தின் படச்சுருள் தந்த நிறம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பச்சைச் சாயமடித்த வலைக்கடியில் ஒளிந்திருப்பதை விமானத்திலிருந்து கண்டுபிடிக்க உருவான சுருள் வகை அது. பின்னாளில் ஏரோக்ரோம் என்ற பெயரில் வந்தது. உயிருள்ள இலை அதில் சிவக்கும். பச்சை பெயின்ட் சிவக்காது. சுருளின் மூன்று அடுக்குகளில் அகச்சிவப்பு பட்டது சிவப்பாகவும், சிவப்பு பட்டது பச்சையாகவும், பச்சை பட்டது நீலமாகவும் பதிவானது. நீல ஒளி மூன்று அடுக்கையும் கெடுக்குமென்பதால் மஞ்சள் ஃபில்டர் கட்டாயம். செயற்கைக்கோள் படங்களில் காடு சிவப்பாகத் தெரிவதும் இதே கணக்குதான். 1972-இல் ஏவிய முதல் லேண்ட்சாட்டிலிருந்து 1988-இல் விண்ணுக்குப் போன இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ வரை பயிரையும் காட்டையும் படிக்க விஞ்ஞானிகள் இந்தப் பொய்வண்ணத்தையே வைத்துக்கொண்டார்கள். சுருளின் உற்பத்தி நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகிறது.

அதை டிஜிட்டலில் நெருங்க வேண்டுமென்றால் 720 படத்தில் சாச்சுரேஷனை ஏற்றுவது குறுக்குவழி. பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும். நேர்வழி வேறு. முழுநிறமாலைக்கு மாற்றிய கேமரா, மேலே நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் ஃபில்டர். இப்போது நீலப் பிக்ஸலுக்குள் போவது அகச்சிவப்பு மட்டுமே. சிவப்புப் பிக்ஸலில் சிவப்பும் அகச்சிவப்பும். பச்சைப் பிக்ஸலில் பச்சையும் அகச்சிவப்பும். கழித்தால் போதும். ரெட் வரிசையில் நீலம் 100 மட்டும். க்ரீன் வரிசையில் சிவப்பு 100, நீலம் மைனஸ் 100. ப்ளூ வரிசையில் பச்சை 100, நீலம் மைனஸ் 100. கூட்டுத்தொகை விதி இங்கே செல்லாது. இது கலப்பல்ல, கழித்தல். மூன்று சாயங்களும் அகச்சிவப்பை ஒரே அளவில் விடாததால் மைனஸ் எண்களைக் கேமராவுக்கேற்ப முன்பின் நகர்த்த வேண்டிவரும். நிழல்கள் ஒரேயடியாகக் கருத்தால் கழித்தது அதிகம். எல்லாமே ரோஸாக வழிந்தால் போதவில்லை.

ஐரிஷ் படக்கலைஞர் ரிச்சர்ட் மாஸ் ஏரோக்ரோம் சுருளோடு கிழக்குக் காங்கோவின் போர்க்களங்களுக்குப் போனார். அங்கே படமாக்கிய அவரது ‘தி என்க்ளேவ்’ 2013-இல் வெனிஸ் பியனாலேயில் அயர்லாந்து அரங்கில் காட்டப்பட்டது. அவருடைய நிழற்படங்களைக் கிடைக்கும் இடத்தில் பெரிதாகப் பாருங்கள். மலைச்சரிவு ரோஸ் நிறம். அதைத் தவிர எல்லாமே நேரான, நிதானமான ஆவணப்படத்தின் சட்டகம். கோணல் இல்லை, இருட்டிய ஓரம் இல்லை. நிறம் அவ்வளவு உரக்கப் பேசும்போது மற்றவை வாய்மூடி நிற்பதால்தான் அந்தப் படையினரின் முகங்கள் நம் கண்ணில் படுகின்றன.

எஃபெக்டுகள்: எது, எங்கே, எவ்வளவு

அகச்சிவப்பே ஒரு எஃபெக்ட். வானத்தின் வெளிச்சம், இலையின் நிறம், தண்ணீரின் ஆழம் என்று பார்ப்பவருக்குப் பழகிய மூன்று விஷயங்களை ஒரே அடியில் தலைகீழாக்கிவிட்டோம். இதன்மேல் இன்னொன்றை வைப்பதற்கு முன் என்னுடைய ஒரே கேள்வி: இது அகச்சிவப்பு ஏற்கெனவே செய்ததை இன்னும் தெளிவாக்குகிறதா, அல்லது அதோடு போட்டி போடுகிறதா?

முதலில், எல்லோரும் கை வைக்கும் ஒளிக்கசிவு. வெள்ளை இலைகளைச் சுற்றி ஆவிபோல் பரவும் அந்தப் பளபளப்பு அகச்சிவப்பின் இயல்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது கொடாக்கின் எச்ஐஇ என்ற கருப்பு-வெள்ளைச் சுருளின் இயல்பு. மற்றச் சுருள்களின் முதுகில் ஒளி திரும்பி வராமல் தடுக்க ஒரு பூச்சு இருக்கும்; இதில் கிடையாது. பளிச்சென்ற இடத்தில் விழுந்த ஒளி சுருளைத் துளைத்துக்கொண்டு போய், பின்னாலிருக்கும் தகட்டில் பட்டுத் திரும்பி, சுற்றிலும் கசிந்தது. 2007-இல் அந்தச் சுருளை நிறுத்திவிட்டார்கள். டிஜிட்டல் சென்சாரில் அந்தக் கசிவு தானாக வராது. நாம்தான் வரவழைக்க வேண்டும்.

வரவழைப்பதில் தவறு இல்லை. ஆனால் சுருள் எப்படிக் கசிந்ததோ அப்படி வரவழையுங்கள். படத்தை நகலெடுத்து மொத்தமாக மங்கலாக்கி மேலே போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதில் நிழலும் சேர்ந்து கசியும், கருப்பு சாம்பலாகும், கல்மண்டபம் சோப்புநுரையில் செய்ததுபோல் ஆகிவிடும். சுருளில் வெளிச்சம் இருட்டுக்குள் கசிந்ததே தவிர, இருட்டு எங்கேயும் போகவில்லை. ஆகவே கலர் ரேஞ்சில் ஹைலைட்ஸ் மட்டும் தேர்ந்து, அதைத் தனி லேயராக்கி, 6,000 பிக்ஸல் அகலப் படமென்றால் 30 முதல் 40 பிக்ஸல் வரை காஸியன் ப்ளர் கொடுத்து, ஸ்க்ரீன் மோடில் வையுங்கள். ஒப்பாசிட்டியை 100-இல் வைத்துப் பார்த்துவிட்டுக் குறைத்துக்கொண்டு வராதீர்கள். 100-ஐப் பார்த்த கண்ணுக்கு 50 குறைவாகத் தெரியும். பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். ஏதோ மாறுகிறது என்று தோன்றியதும் நிறுத்துங்கள். தெப்பக்குளத்தில் அது 15 சதவீதத்தில் வந்தது. அதிலும் மரங்களுக்கு மட்டும் விட்டுவிட்டு, மேகங்களிலிருந்து மாஸ்க் போட்டு எடுத்துவிட்டோம். மேகமும் மரமும் சேர்ந்து கசிந்தால் எது இலை, எது மேகம் என்ற விளிம்பே அழிந்துபோகும்.

க்ளாரிட்டி, டீஹேஸ் இரண்டும் நேரெதிர் ஆபத்து. அகச்சிவப்பு தொலைவின் மங்கலை ஏற்கெனவே ஓரளவு வெட்டிக் கொடுத்துவிடும். அதற்குமேல் டீஹேஸை ஏற்றினால் வெள்ளை மரத்துக்கும் இருண்ட வானத்துக்கும் நடுவே பேனாவால் வரைந்ததுபோல் ஒரு கோடு எழும். ஷார்ப்னஸும் அப்படித்தான். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வானத்தை ஒட்டிய ஒரு கிளையைப் பாருங்கள். இலைநுனிகளைச் சுற்றிக் கருத்த விளிம்பு தெரிந்தால் பாதியாகக் குறையுங்கள். கல்லுக்குக் கொஞ்சம் உறுதி வேண்டுமென்று மண்டபத்தின் தூண்களில் மட்டும் க்ளாரிட்டி 10 வைத்தோம். அது போதுமாக இருந்தது.

எச்டிஆர் பற்றி நீட்டத் தேவையில்லை, வேண்டாம். கருத்த வானமும் வெளுத்த மரமும்தான் படமென்றால் இரண்டையும் நடுவுக்கு இழுக்கும் கருவி எதற்கு? ஓரங்களை இருட்டும் வின்யெட்டும் அப்படியே: ஹாட்ஸ்பாட் உள்ள லென்ஸ் நடுவை வெளிறவைக்கிறது, வின்யெட் ஓரத்தை இருட்டுகிறது, இரண்டும் சேர்ந்தால் துப்பாக்கிக் குழலுக்குள்ளிருந்து பார்ப்பது போலாகும். ஆயில் பெயின்டிங் ஃபில்டர்கள் கல்யாண ஆல்பத்துக்கே பழசாகிவிட்டன.

வானத்தை மாற்றும் வசதி இப்போது பல மென்பொருள்களில் ஒரு பட்டனில் வந்துவிட்டது. மேகமில்லாத நாளில் அகச்சிவப்பு வானம் தட்டையாக இருக்கும் என்பதால் ஆசை வரத்தான் செய்யும். தெப்பக்குளத்தில் செய்து பாருங்கள்: மேலே புது மேகம் இருக்கும், கீழே தண்ணீரில் அது இருக்காது. தண்ணீரிலும் ஒட்டினால் மரத்தின் பிம்பத்துக்குப் பின்னால் அது பொருந்தாது. அதையும் சரிசெய்து முடிக்கும்போது நீங்கள் படம் எடுத்தவராக இல்லாமல் போஸ்டர் ஒட்டியவராக இருப்பீர்கள். மேகம் வேண்டுமென்றால் மேகம் உள்ள நாளில் போங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மதுரையில் நண்பகலுக்கு வெள்ளை மேகங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

தாராளமாகவே பரிந்துரைக்கும் எஃபெக்ட் ஒன்று உண்டு: க்ரெயின். நிறத்தை இவ்வளவு இழுத்தபின் வானத்தில் மெல்லிய பட்டைகள் எங்காவது ஒளிந்திருக்கும். ஒன்றிரண்டு சதவீதம் மோனோக்ரோம் நாய்ஸ் சேர்த்தால் அவை கலைந்துவிடும். பார்ப்பவருக்கு அது தெரியாது, அதனால்தான் பிடித்திருக்கிறது.

ஒவ்வொன்றையும் தனி லேயரில் வையுங்கள், பெயரும் போடுங்கள். முடித்த உடனே ஏற்றுமதி செய்யாமல் மறுநாள் காலை திறந்து, ஒவ்வொரு லேயரின் கண் குறியையும் ஒரு முறை அணைத்துப் பாருங்கள். அணைத்தபோது படம் ஒன்றையும் இழக்கவில்லை என்றால் அந்த லேயரை அழித்துவிடலாம். தெப்பக்குளக் கோப்பில் ஏழு லேயர்களாக ஏறியிருந்தவை இப்படி நான்காக இறங்கின.

மனிதர்கள் இருக்கும் படம்

அவுட்டோர் ஷூட்டுக்கு அகச்சிவப்பை எடுத்துப்போகும் கல்யாணப் படக்காரர்கள் பெருகிவருகிறார்கள். தோட்டம் சொர்க்கமாக வரும், முகம் வராது. தோல் மெழுகுபோல் வழவழப்பாகும், உதடு வெளிறும், கண்கள் கருங்குழியாகும், மெல்லிய தோலுக்கடியில் நரம்புகள் தெரியும். சேனல் மாற்றத்தில் முகத்தில் நீலச்சாயல் ஏறினால் மணப்பெண்ணின் அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்? முகத்துக்கு மாஸ்க் போட்டுச் சாச்சுரேஷனை முழுவதும் இறக்கிக் கருப்பு-வெள்ளையாக விடுவது ஓரளவு கைகொடுக்கும். தோலுக்கு இயல்பான நிறத்தைப் பூசப் பார்ப்பது எப்போதும் பொம்மையில்தான் முடிகிறது. உடையும் சொன்னபடி கேட்காது: பல சாயங்கள் அகச்சிவப்பை விட்டுவிடுவதால் கருப்புக் கோட்டு செம்பழுப்பாகவும், கருநீலப் பட்டு வெளிறியும் வரலாம். ஆளைத் தூரத்தில் நிறுத்தி, மரத்தடியில் சிறிய உருவமாக வையுங்கள். அருகாமைப் படங்களைச் சாதாரணக் கேமராவுக்கு விடுங்கள்.

எப்போது நிறத்தையே விடுவது

சேனல் மாற்றி, சாச்சுரேஷன் தணித்து, எல்லாம் செய்தபின் கருப்பு-வெள்ளை அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றை மேலே போட்டு ஒரு கணம் பாருங்கள். படம் நிம்மதியாக மூச்சுவிட்டதுபோல் தோன்றினால் நிறம் சுமையாக இருந்திருக்கிறது. மேகமூட்டத்தில் எடுத்தவை, நிழலடர்ந்த காட்டுக்குள் எடுத்தவை, பாழடைந்த கட்டடங்கள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இதுவே முடிவு. தெப்பக்குளம் எல்லைக்கோட்டில் நின்றது. வானத்தின் மங்கிய நீலமும் கல்லின் லேசான வெதுவெதுப்பும் ஒன்றோடொன்று பேசியதால் நிறத்தோடு வைத்துக்கொண்டோம். கருப்பு-வெள்ளையாக்கும்போது சேனல் மாற்றத்துக்கு முந்தைய கோப்பிலிருந்து தொடங்குவதும் உண்டு. பெரிய வித்தியாசம் இல்லை. நாய்ஸ் குறைந்த சிவப்புச் சேனலுக்கு அதிக எடை கொடுப்பது மட்டும் முக்கியம். சேனலை மாற்றிய கோப்பில் அது ப்ளூ என்ற பெயரில் இருக்கும்.

அச்சுக்குப் போகும்போது

திரையில் ஒளிரும் நீலமும் சயானும் நான்கு வண்ண அச்சின் எல்லைக்கு வெளியே நிற்பவை. பத்திரிகைக்கோ நூலுக்கோ அனுப்பும் படத்தைப் போட்டோஷாப்பின் ப்ரூஃப் கலர்ஸில் பார்த்து, கேமட் வார்னிங்கை இயக்குங்கள். வானம் முழுக்கச் சாம்பல் திட்டாகத் தெரிந்தால் நீலத்தின் சாச்சுரேஷனை அந்தத் திட்டு சுருங்கும்வரை இறக்க வேண்டும். செய்யாவிட்டால் அச்சு இயந்திரம் தன் இஷ்டத்துக்கு ஊதாவாகவோ மந்தமாகவோ மாற்றிக்கொடுக்கும். வெள்ளை மரங்களுக்கு எதிர்ப்பிரச்சினை: திரையில் 255 என்று நிற்கும் இடத்தில் அச்சில் மையே விழாது, வெறும் தாள் தெரியும். இலைகளின் உச்சவெளிச்சத்தை 245 அளவில் நிறுத்திவைத்தால் இலையின் உருவம் தாளில் தங்கும். லேபில் பெரிய பிரிண்ட் சொல்வதற்கு முன், வானமும் மரமும் சந்திக்கும் ஒரு துண்டை மட்டும் வெட்டி, 6-க்கு 4 அளவில் அதே தாளில் ஒன்று எடுத்துப் பகல்வெளிச்சத்தில் பாருங்கள். படக்குறிப்பில் ‘அகச்சிவப்பு, 720 நானோமீட்டர், சேனல் மாற்றியது’ என்று எழுதிவிடுங்கள். போட்டிக்கு அனுப்புவதானால் டிஜிட்டல் மாற்றம் பற்றிய விதியை முன்கூட்டியே படித்து, தொடாத ரா கோப்பையும் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள்.